வில்லாளிக்கு முன்கைக்காப்பும் விரல்தோலும்: பினாங்குக் காற்றுக்கு ஏற்ற கைவேலை

பழைய பாணி வில் பழகுகிறவருக்குக் கட்டாயம் வேண்டிய தோல்பொருள்கள் இரண்டு. விட்ட நாண் அடிக்கும் முன்கையின் உட்பக்கத்துக்கு ஒரு காப்பு. நாணை இழுக்கும் விரல்களுக்கு ஒரு தோல். இரண்டையும் ஒரு சதுர அடித் தோலில், வீட்டில் செய்துகொண்ட கருவிகளை வைத்தே முடித்துவிடலாம். கத்தி வழுக்கியோ தையல் கோணியோ இந்த வேலை கெடுவது குறைவு. தவறான தோலைத் தேர்ந்தெடுப்பதாலும், ஈரம் முழுதாக உலருமுன் அடுத்த வேலையைத் தொடங்குவதாலும்தான் அதிகம் கெடுகிறது. பினாங்கில் அதிகாலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடுவது சாதாரணம். அதனால் குளிர்நாட்டுக் காணொளிகளில் சொல்லும் உலரும் நேரத்தை இங்கே அப்படியே நம்பக் கூடாது.

தோல்

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும். கடையில் ‘வெஜ் டேன்’ என்று கேளுங்கள். நனைத்து வளைத்தால் வளைத்தபடியே காய்ந்து நிற்கும்; ஓரத்தைத் தேய்த்தால் இறுகிப் பளபளக்கும். கைப்பை, சோபா, ஷூ மேல்தோல் எல்லாம் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டவை. தொட இதமாக இருக்கும், ஆனால் நனைத்தாலும் வடிவம் பிடிக்காது, ஓரமும் பஞ்சுபோலவே நிற்கும்.

துண்டுத்தோலை எடைக்கு வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே வரை பழுப்பாக இருந்தால் நல்லது. நடுவில் நீலச்சாம்பல் கோடு தெரிந்தால் அது குரோம். சாயம் முழுக்க ஊறிய தோலில் இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அப்போது ஓர் இரும்பு வினிகர் சோதனை செய்யலாம்: இரும்பு ஊறிய வினிகரில் ஒரு துளியைச் சதைப்பக்கத்தில், அதாவது சொரசொரப்பான உட்பக்கத்தில், விட்டால், பட்டைப்பதத் தோல் சில நொடிகளில் கறுக்கும்; குரோம் தோல் கறுக்காது. அந்த வினிகர் பின்னால் சாயத்துக்கும் வேண்டும், ஆகவே முதலிலேயே போட்டு வையுங்கள். முறை கீழே வருகிறது.

முன்கைக்காப்புக்கு 2.5 மி.மீ. கனம். 2 மி.மீ.க்குக் கீழே போனால் அடி உறைக்கும், 3 மி.மீ.க்கு மேலே போனால் கையோடு வளையாது, வெயிலில் வியர்த்துக் கொட்டும். முதுகுப்பகுதித் தோலைக் கேளுங்கள். வயிற்றுப்பகுதி மலிவுதான், ஆனால் இழுபடும், நனைத்துக் காய்ந்தால் சுருக்கம் விழும். சோதிப்பது எளிது: வழவழப்பான மேற்பக்கம் உள்ளே வருமாறு மடியுங்கள். சன்னச் சுருக்கம் விழுந்து உடனே மறைந்தால் முதுகு. தடித்த மடிப்புகளாகப் புடைத்தால் வயிறு அல்லது விலா.

எந்த விலங்கின் தோல் என்பது பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி. மாட்டுத்தோல் வேண்டாம் என்கிறவர்களுக்கு எருமைத்தோல் உண்டு. நாரமைப்பு சற்றுத் தளர்வு என்பதால் ஓரத்தை இன்னும் ஒரு சுற்றுத் தேய்க்க வேண்டியிருக்கும், மற்றபடி காப்புக்குக் குறையில்லை. ஆட்டுத்தோல் 1 மி.மீ. அளவுதான் இருக்கும்; தனியாகக் காப்புக்கு ஆகாது, ஆனால் விரல்தோலின் உள்ளடுக்குக்கு அதைவிட நல்லது கிடையாது. பன்றித்தோலைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் மேற்பரப்பை உருப்பெருக்கியில் பார்க்கலாம்: மயிர்த்துளைகள் மும்மூன்றாக, முக்கோணமாகச் சேர்ந்திருந்தால் அது பன்றி. கடைகளில் ‘லைனிங்’ என்ற பெயரில் விற்கும் மெல்லிய தோலில் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. திண்டுக்கல், திருச்சிப் பக்கத்துப் பதனிடும் சாலைகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது நெடுநாள் வழக்கம். அந்த வழியில் வந்த எருமைத்தோலோ ஆட்டுத்தோலோ கைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

குத்தூசி

மற்றக் கருவிகளில் சமாளிக்கலாம், தையல்துளை போடும் குத்தூசியில் சமாளிக்க முடியாது. கூரான ஆணியால் குத்தினால் துளை வட்டமாக விழும். நூல் அதில் அசையும், தையல் கோடு நேராக நிற்காது. வேண்டியது சாய்சதுர வெட்டுமுகம். அது தோலைச் சின்ன வெட்டாகத் திறந்து, நூல் போனபின் தானே மூடிக்கொள்ளும்.

மூலப்பொருள் தேய்ந்துபோன ஊசி அரம், சிறிய முக்கோண அரமும் ஆகும். ஜார்ஜ் டவுனில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையிலேயே போனால் துருப்பிடித்த அரங்கள் குவியலாகக் கிடக்கும். பல் தேய்ந்ததையே எடுங்கள். உருக்கு அதே உருக்குதான். சைக்கிள் கம்பியும் குடைக்கம்பியும் ஆகாது. முன்னது பெரும்பாலும் துருவேறா எஃகு, கடினமாக்க முடியாது, பின்னது வளையும். கான்கிரீட் ஆணியைச் சூடேற்றாமலே தீட்டி அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் பக்கவாட்டில் அழுத்தினால் சட்டென்று ஒடியும். கண்ணாடி போடாமல் அதைத் தொடாதீர்கள்.

அரத்தை முதலில் இளக்க வேண்டும். பியூட்டேன் டார்ச்சில் முனைப்பக்கம் 5 செ.மீ. நன்றாகச் சிவக்கும் வரை காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் புதைத்து விட்டுவிடுங்கள். முழுதாக ஆற ஓரிரு மணி நேரம் ஆகும். ஆறியபின் வேறோர் அரம் அதை அறுக்கும்; வழுக்கினால் இளகவில்லை, திரும்பக் காய்ச்சுங்கள்.

இப்போது வடிவம். வெளியே நீளும் அலகு 40 முதல் 50 மி.மீ. முனையிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி, அகலம் 2.5 மி.மீ., கனம் 1.5 மி.மீ. 0.8 மி.மீ. நூலுக்கு இந்த அளவு சரி. இதைவிடப் பெரிதானால் துளை பெரிதாகி நூல் தளரும். நான்கு முகங்களும் ஒரே நேர்க்கோட்டில் முனைக்கு வர வேண்டும். ஒரு முகம் முந்தினாலும் குத்தும்போது அலகு ஒரு பக்கம் திரும்பி, தோலின் பின்பக்கத் துளைகள் கோணலாக விழும். பின்பக்கத் தையல் பாம்பாக நெளிகிறதென்றால் முதலில் இந்த முகங்களைத்தான் பாருங்கள்.

கடினமாக்க, முனையைத் திரும்பச் சிவக்கக் காய்ச்சுங்கள். கண்ணை நம்பாமல் காந்தத்தை நம்புங்கள்: ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். அதற்குமேல் ஒரு சாயல் சிவந்ததும், கைபொறுக்கும் சூட்டிலுள்ள சமையல் எண்ணெயில் நேராகச் செங்குத்தாக இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் அலகு வளையும். எண்ணெய் ஒரு பழைய மைலோ டின்னில் இருக்கட்டும், பிளாஸ்டிக் கூடாது. தீப்பற்றினால் மூட டின்னின் மூடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சமையலறைக்குள் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள்.

எண்ணெயிலிருந்து எடுத்த அலகு கண்ணாடிபோல் நொறுங்கும் நிலையில் இருக்கும். மணல்தாளால் கறுப்பைத் தேய்த்து உருக்கை வெளுக்கச் செய்து, 230 முதல் 240 பாகையில் ஒரு மணி நேரம் ‘அவன்’ அடுப்பில் வையுங்கள். கரும்வைக்கோல் நிறம் வந்தால் சரி. வெளிர்மஞ்சளில் நிறுத்தினால் முனை ஒடியும். நீலத்துக்குப் போனால் முனை வளையும். ஏர் ஃபிரையர் பலவும் 200 பாகையோடு நின்றுவிடும், அது போதாது.

கைப்பிடிக்கு நன்கு காய்ந்த பலாவோ ரம்புத்தானோ. 9 செ.மீ. நீளம், உள்ளங்கையில் அடங்கும் உருண்டை முனை. அலகின் வாலைவிட அரை மி.மீ. சிறிய துளையிட்டு, வாலை வைஸில் பிடித்துக் கைப்பிடியைச் சுத்தியலால் அடித்து இறக்குங்கள். மெர்பாவ் மரத்துண்டு எங்கும் சும்மா கிடைக்கும், ஆனால் வேண்டாம். ஈரம் பட்டால் பழுப்புச்சாறு வடியும். நனைந்த தோலில் அந்தக் கறை போகாது.

கடைசியாக 800, 1500, 2000 என்று மணல்தாளைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து நான்கு முகங்களையும் மெருகேற்றுங்கள். குத்தூசி முனையில் மட்டும் கூராக இருந்தால் போதாது, இரண்டு பக்க விளிம்பும் வெட்ட வேண்டும். இரண்டு அடுக்குத் தோலில் குத்தும்போது மணிக்கட்டைத் திருகாமல் இறங்கினால் வேலை முடிந்தது.

மற்றக் கருவிகள்

தோல் சீவும் கத்திக்குப் பட்டறைகளில் மின்வாளில் தேய்ந்து கழித்த ஹேக்ஸா பிளேடு கேளுங்கள், 2 மி.மீ. கனமுள்ள முழு ஹைஸ்பீடு எஃகு. கைவாள் பிளேடு பல ‘பைமெட்டல்’: பற்களின் விளிம்பு மட்டும் கடினம், உடல் மென்மை. அதைத் தீட்டினால் கூர் நிற்காது. 4 செ.மீ. அகலத் துண்டில் ஒரு பக்கம் மட்டும் 15 முதல் 20 பாகைச் சாய்வு கொடுங்கள். மறுபக்கம் தட்டையாகக் கண்ணாடிபோல் இருக்கட்டும். கிரைண்டரில் ஹைஸ்பீடு எஃகு சூட்டைத் தாங்கும், என்றாலும் வெறுங்கையால் பிடிக்க முடியாத சூடு வரும்போதெல்லாம் நிறுத்துங்கள். பிடிக்கும் பகுதிக்கு மிச்சத்தோலைச் சுற்றிக்கொள்ளலாம்.

தீட்டும் பலகை: 30 × 5 செ.மீ. பிளைவுட்மேல் ஒரு தோல்பட்டையைச் சதைப்பக்கம் மேலாக ஒட்டி, பச்சை குரோமியம் ஆக்சைடு பசையைத் தேயுங்கள். கத்தியை முதுகுப்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். வெட்டும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் பத்து இழுப்பு. மொண்ணைக் கத்திதான் விரலை வெட்டும், ஏனென்றால் அதை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தையலளவுக்குப் பள்ளிப்பிள்ளைகளின் கவராயம் போதும்: பென்சில் முனைக்குப் பதில் இன்னோர் ஊசியை வைத்து 4 மி.மீ.க்குத் திறந்து திருகை இறுக்குங்கள். தையல் இடுக்கிக்கு 50 செ.மீ. நீளப் பிளைவுட் பலகைகள் இரண்டு. அடியில் ஒரு 3 செ.மீ. கட்டையை நடுவில் வைத்து ஆணியடியுங்கள். மேல்வாய் சேரும்படி சற்றுச் சீவி உள்வாயில் தோல் ஒட்டுங்கள். தொடைகளுக்கிடையில் வைத்து அழுத்தினால் வேலைப்பொருள் அசையாது, இரண்டு கையும் தைக்க விடுபட்டிருக்கும். ஓரம் தேய்க்க, மெர்பாவ் அல்லாத ஏதாவது ஒரு கடினமரத் துண்டில் 4 மி.மீ. அகலப் பள்ளம் ஒன்று.

முன்கைக்காப்பின் அச்சு

நாண் எங்கே அடிக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மணிக்கட்டுவரை மூடும் கருப்புச் சட்டை போட்டு, நாணின் நடுப்பகுதியில் சுண்ணக்கட்டியை நன்றாகத் தேய்த்து, அம்பு தொடுத்து நாலைந்து முறை எய்யுங்கள். அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் வில்லுக்குள்ளேயே திரும்பி, வில் பிளக்கும். சட்டையில் வெள்ளைக்கோடு விழும் இடம் காப்பின் நடுவாக வர வேண்டும்.

பிறகு இரண்டு சுற்றளவு: மணிக்கட்டுக்கு மேலே 3 செ.மீ. தள்ளி ஒன்று, முழங்கை மடிப்புக்குக் கீழே 5 செ.மீ. தள்ளி ஒன்று. காப்பின் நீளம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது, பெரியவர்களுக்கு 17 முதல் 19 செ.மீ. வரும். கை முழுதும் சுற்றிவரும் காப்பு பார்க்கக் கம்பீரமாக இருக்கும், இந்த வெப்பத்துக்குப் பொருந்தாது. சுற்றளவில் பாதிக்குச் சற்று மேலே போதும். மணிக்கட்டுச் சுற்றளவு 17, மேற்சுற்றளவு 25 என்றால், அகலம் கீழே 10, மேலே 14 செ.மீ. மீதியை மீள்கயிறு இழுத்துப் பிடிக்கும், காற்றும் போகும்.

தடித்த அட்டையில் வெட்டிக் கையில் கட்டி, வில்லைப் பிடிக்கும் நிலையில் முழங்கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். மேல் ஓரம் மடிப்பில் குத்தினால் அங்கே ஒரு செ.மீ. ஆழத்துக்குப் பிறைபோல் வளைத்து வெட்டுங்கள். மூலைகள் அனைத்தும் 15 மி.மீ. ஆரத்தில் உருண்டை, 30 மி.மீ. விட்டமுள்ள மூடி எதுவும் அச்சாகும். கூர்மூலையில் நாண் சிக்கினால் அம்பு திசைமாறும்.

அச்சின் நீளவாக்கு முதுகெலும்பின் வாக்கில் இருக்கும்படி தோலில் வையுங்கள். அந்தத் திசையில் இழுபடுதல் குறைவு. வெட்டும்போது கத்தி ஒரே கோட்டில் மூன்று முறை போகட்டும். முதல் கோடு மேற்தோலை மட்டும் திறந்தால் போதும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் வளைவில் கத்தி சாய்ந்து, ஓரம் சரிவாகிவிடும்.

அதே தோலின் மிச்சத்தில் 2 செ.மீ. அகல நீளப்பட்டைகள் இரண்டு வெட்டி, சதைப்பக்கத்தைச் சீவி 1.5 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கொக்கி வரும் இரண்டு நீள ஓரங்களுக்கும் உட்புறம் இவைதாம் பலம்.

நிறமும் வளைவும் ஒரே ஈரத்தில்

சாயம் கழுவும் வேலைக்கும் அச்சில் வளைக்கும் வேலைக்கும் தோல் நனைய வேண்டும். இரண்டையும் ஒன்றாக முடித்தால் தோல் ஒருமுறைதான் நனையும். ஒவ்வொரு நனைதலும் இயல்பான எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துவிடுவதால் இது முக்கியம்.

கருப்புக்கு: 500 மி.லி. வெள்ளை வினிகரில், பாத்திரச் சோப்பால் எண்ணெய் போகக் கழுவிய சன்ன எஃகுப்பஞ்சு ஒரு கட்டு. ஒன்றிலிருந்து இரண்டு வாரம். மூடியை இறுக்காதீர்கள், ஹைட்ரஜன் வாயு வெளியேற வழி வேண்டும், அருகில் நெருப்பும் கூடாது. காபித்தாளில் வடிகட்டுங்கள். 10 கிராம் கடுக்காய்த்தூளை 200 மி.லி. வெந்நீரில் ஊறவைத்து வடித்து, அதைத் தோலின்மேல் முதலில் பூசி, ஊறியபின் இரும்பு வினிகரைப் பூசுங்கள். கலம்காரித் துணியின் கருப்பும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து வருவதுதான். இது மேலே பூசிய வண்ணம் இல்லை, தோலுக்குள்ளேயே உண்டாவது. அதனால் வியர்வையில் கரைந்து சட்டையில் ஒட்டாது, ஒழுங்காகக் கழுவியிருந்தால்.

அரை மணி கழித்துக் கழுவி, ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் சோடா கரைத்து, அதில் ஒரு நிமிடம் மட்டும் முக்கி, திரும்ப நல்ல நீரில் கழுவுங்கள். அமிலம் உள்ளே தங்கினால் காலப்போக்கில் தோலை அரிக்கும். சோடாவில் அதிக நேரம் கிடந்தாலும் தோல் விறைத்து வெடிக்கும்.

கருப்பு வேண்டாதவர்கள் சாயத்தைத் தொடாமல், வெதுவெதுப்பான நீரில் குமிழி நிற்கும் வரை முக்கினால் போதும். ஒரு எச்சரிக்கை: நனைந்த பட்டைப்பதத் தோலை இரும்பு தொட்டால் கருநீலப் புள்ளி விழும். கத்தியை மட்டுமல்ல, துருப்பிடித்த மேசையையும் கவனியுங்கள். விழுந்துவிட்டால் உடனே எலுமிச்சைச்சாறு தடவிக் கழுவினால் மங்கும்.

நனைந்த தோலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரம் கனம் முழுதும் சமமாகப் பரவும். மறுநாள்வரை வைப்பதென்றால் குளிர்ப்பெட்டியில்தான். வெளியில் வைத்தால் காலையில் பூஞ்சணம் வந்திருக்கும். மேற்பரப்பின் நிறம் மறுபடி வெளுக்கத் தொடங்கும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் நேரமே வளைக்கச் சரியான பதம். நீர் சொட்டும்போது வளைத்தால் வடிவம் நில்லாது.

அடியில் குறுகி மேலே அகலும் பாட்டில் ஏதாவது உங்கள் முன்கையின் அளவுக்கு அருகில் இருந்தால் அதுவே அச்சு. சுற்றி, 3 செ.மீ. அகலப் பருத்தித் துணிப்பட்டையால் இடைவெளியின்றிக் கட்டுங்கள். ரப்பர் வளையமும் சணலும் தடம் பதிக்கும். மின்விசிறிக்குக் கீழே இரண்டு முழு நாள். செப்டம்பர், அக்டோபர் மழையில் மூன்று. வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். ஈரத்தோல் சூட்டில் சுருங்கிக் கட்டையாகும், அதைத் திருப்ப முடியாது. உலர்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குளிர்ந்தால் இன்னும் உள்ளே ஈரம் இருக்கிறது. சமையலறைத் தராசு இருந்தால், நனைக்குமுன் நிறுத்த எடையை எழுதிவைத்து அதோடு ஒப்பிடுவது இன்னும் உறுதி.

ஒட்டும் தையலும்

எண்ணெய் பட்ட தோலில் பசை பிடிக்காது. அதனால் எண்ணெய் எல்லாவற்றுக்கும் கடைசி.

பட்டை ஒட்டும் பரப்பை மணல்தாளால் சொரசொரப்பாக்கி, செருப்புக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் மஞ்சள் கான்டாக்ட் பசையை இரு பக்கமும் மெல்லியதாகத் தடவுங்கள். விரலில் ஒட்டாத பதம் வர 10 முதல் 15 நிமிடம். மழைநேரத்தில் தடவிய பசைமேல் வெண்படலம் படியலாம்: கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அங்கே தங்கிவிடுகிறது. அப்படியே ஒட்டினால் ஒரு மாதத்தில் பிரியும். படலம் மறையும் வரை காத்திருங்கள், அல்லது துடைத்துத் திரும்பத் தடவுங்கள். சன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே ஒரு கோடு. அதில் கவராயத்தால் 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி. மெழுகிட்ட 0.8 மி.மீ. நூல், தைக்கும் நீளத்தைப்போல் நாலு மடங்கும் கைக்கு 30 செ.மீ.யும். 18 செ.மீ. ஓரத்துக்கு ஒரு மீட்டர் கணக்கு. நூலின் இரு முனையிலும் மொண்ணை ஊசி ஒவ்வொன்று.

குத்தூசியின் சாய்சதுரம் கோட்டுக்கு 45 பாகை சாய்ந்து, எல்லாத் துளையிலும் ஒரே சாய்வில் விழ வேண்டும். இடது ஊசி முதலில் துளைக்குள் போகும். பாதி இழுத்ததும் வலது ஊசி அதே துளையில், முதல் நூலுக்குப் பின்னால் வரும். ஊசி முதல் நூலையே குத்தியிருந்தால் இழுக்கும்போது இறுகிப் பிடிக்கும். பலமாக இழுக்காமல் வலது ஊசியைப் பின்வாங்கித் திரும்பச் செருகுங்கள். எந்த ஊசி முதலில் என்பதை நடுவில் மாற்றினால் அந்த இடத்தில் தையலின் சாய்வு புரளும், எவ்வளவு அழகாக மற்றவற்றைத் தைத்தாலும் கண் அங்கேதான் போகும். மெஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையே அவிழும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். முடிவில் மூன்று துளை பின்னோக்கித் தைத்து வெட்டுங்கள். பாலியஸ்டர் முனையை லைட்டரால் தொட்டு உருக்கலாம். சணல்நூலை ஒட்ட வெட்டினால் போதும்.

பட்டையின் உள்விளிம்பிலும் அதேபோல் ஒரு வரிசை. பிறகு ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, 5 செ.மீ.க்கு ஒன்றாக ஒவ்வொரு பக்கமும் பூட்ஸ் கொக்கி மூன்று. 3 மி.மீ. மீள்கயிறு 75 செ.மீ. குறுக்கும் நெடுக்குமாகக் கொக்கிகளில் மாட்டி முடிச்சிட்டால் ஒரே கையால் போட்டுக் கழற்றலாம். முடிச்சும் கொக்கியும் கையின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். நாண் வரும் பக்கத்தில் ஓர் ஆணித்தலைகூட மேலே நிற்கக் கூடாது. பித்தளைக் கொக்கியானால் அதைச் சுற்றி எண்ணெய் தடவாதீர்கள், பச்சைக் களிம்பு பூக்கும். நிக்கல் பூசியது நிம்மதி.

ஓரத்தை 400, 800 மணல்தாளால் சமன்செய்து, விரல்நுனியால் நீர் தொட்டு, மரத்துண்டின் பள்ளத்தை வேகமாகத் தேயுங்கள். சூடும் அழுத்தமும் சேர்ந்து நாரைப் படியவைக்கும். மினுக்கு வந்தபின் தேன்மெழுகு தேய்த்துத் துணியால் மீண்டும் ஒருமுறை.

எண்ணெய்க்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் மூன்று பங்கு எடையில் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவைத்த பசை. நேரடி நெருப்பில் வேண்டாம். மெல்லிய ஒரு பூச்சுதான். வீட்டிலிருக்கும் தேங்காயெண்ணெயைத் தாராளமாக ஊற்றத் தோன்றும். காப்பு தொய்ந்துபோய் வளைவை இழக்கும், பூஞ்சணத்துக்கும் அது விருந்து.

விரல்தோல்

மூன்று விரலால் இழுப்பவர்களுக்கு இது. நாண் முதல் மூட்டு மடிப்பில் உட்காரும்படி விரல்களைச் சேர்த்து அட்டைமேல் வையுங்கள். அகலம் மூன்று விரல்களின் அகலத்தோடு 3 மி.மீ.; நீளம் விரல்நுனியிலிருந்து உள்ளங்கை தொடங்கும் கோடுவரை. நுனிக்கு வெளியே 2 மி.மீ.க்கு மேல் நீண்டால் விடும்போது நாண் அதை இழுத்துக்கொண்டு போகும்; அம்பு பக்கவாட்டில் விலகும். அடிப்பக்கத்தில் நடுவிரலுக்கு ஒரு துளை. அதை விரலைவிடச் சின்னதாகத் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். அம்பைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடிப்பவர்கள் அந்த இடத்தில் 7 மி.மீ. அகலம், 22 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு விடவேண்டும். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைப்பவர்களுக்கு இந்த வெட்டே வேண்டாம்.

முகத்துக்கு 1.5 மி.மீ. இறுக்கமான தோல், வழவழப்பான பக்கம் நாணைப் பார்த்து. பின்னால் 1 மி.மீ. ஆட்டுத்தோல், சதைப்பக்கம் விரலைப் பார்த்து. முழுப்பரப்பையும் ஒட்டக் கூடாது: அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஒட்டித் தையுங்கள், நுனிப்பக்கம் இரண்டு அடுக்கும் ஒன்றன்மேலொன்று வழுக்கட்டும். முழுக்க ஒட்டினால் விறைப்பாகி நாண் வெளியேறுவது தாமதிக்கும். இழுவிசை 40 பவுண்டுக்கு மேற்பட்ட வில்லுக்கு நடுவில் இன்னோர் அடுக்கு. முகத்தில் சாயமோ எண்ணெயோ வேண்டாம். கொஞ்சம் முகப்பவுடரைத் தேய்த்து, குளிர்பானப் பாட்டிலின் அடிப்பாகத்தால் மெருகேற்றுங்கள். விரல்நுனி மரத்துப்போனால் தோல் மெல்லியது என்று பொருள்; நாண் விரலில் வழுக்கிக்கொண்டே போனால் நுனிநீளம் அதிகம்.

கட்டைவிரலால் இழுப்பவர்கள் இதே 1.5 மி.மீ. தோலில் 22 மி.மீ. அகலப் பட்டையைக் கட்டைவிரல் முதல் மூட்டில் சுற்றி, மூட்டின் பின்பக்கம் தையல் வரும்படி வளையமாக்கலாம். உட்பக்கம் நாக்குபோல் 15 மி.மீ. நீட்டி விடுங்கள், நாண் அதன்மேல் உட்காரும். நனைத்து விரலிலேயே போட்டு அரை மணி நேரம் உலரவிட்டால் உங்கள் மூட்டின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். பகல் ஏற ஏற விரல் சற்று வீங்கும். காலையில் அளவெடுத்தவர்கள் மாலையில் இறுக்கத்தை உணர்வார்கள், அதனால் மாலையில் அளவெடுங்கள்.

பயன்பாட்டில்

புதுக்காப்போடு இருபது அம்பு எய்தபின் தடம் பாருங்கள். ஒவ்வொரு அம்புக்கும் நாண் காப்பை அடிக்கிறதென்றால் காப்பு தன் வேலையைச் செய்கிறது, ஆனால் முழங்கையின் உட்பக்கம் மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது அல்லது நாணுக்கும் வில்லின் கைப்பிடிக்கும் இடையிலான தூரம் குறைந்திருக்கிறது. நாணை இன்னும் சில முறுக்குச் சுற்றி அந்தத் தூரத்தை வில் செய்தவர் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். தோலைத் தடிப்பாக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

எய்து முடித்ததும் ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்து, மின்விசிறிக்கடியில் இரண்டு மணி நேரம். பிளாஸ்டிக் பையில் போட்டு வில்லுறைக்குள் தள்ளுவதுதான் பூஞ்சணத்துக்கு நேர்வழி. பருத்திப்பையும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல்லை மாதம் ஒருமுறை அவனில் காயவைத்துத் திரும்பப் போடலாம். வெண்பூஞ்சணம் வந்துவிட்டால் வெளியே எடுத்துப் போய்த் துலக்கி, 70 விழுக்காடு ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலர்த்தி, மெல்லியதாக மெழுகுப் பசை தடவுங்கள். உள்ளே மற்றத் தோல்பொருள்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள், ஒன்றில் வந்தது அடுத்ததற்கும் போகும்.

விரல்தோலின் முகத்தில் நாண் போட்ட பள்ளம் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் மாற்ற வேண்டிய நேரம். பள்ளம் ஆழமாக ஆக நாண் வெளியேறும் இடம் மாறும், அம்புகள் ஒரே பக்கமாக விலகத் தொடங்கும். அட்டை அச்சுகளில் பெயரும் வில்லின் பவுண்டும் எழுதி வைத்திருந்தால், அடுத்ததை ஒரே மாலையில் வெட்டித் தைத்துவிடலாம்.